பக்கெட்டும் புளிச்சக்கீரையும்

எங்கெங்கோ இருந்தெல்லாம் பிளேன் ஏறி, ரயில் ஏறி, சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள மனிதர்கள் திருவண்ணாமலைக்கு வருகிறார்கள். வந்து, கண்ணை மூடி உட்கார்ந்தும் விடுகிறார்கள். இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊர்த் தண்ணீரையே குடித்து வளர்ந்து, அஞ்சு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாத ஒரே ஜீவன் என் வீட்டு மாடியில் குடியிருந்தது. அதற்குப் பெயர் பக்கெட்டு.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வேங்கிக்கால் பக்கம் ஒரு ஆபீஸில் ஜீப் ஓட்டி ரிட்டயர் ஆனவர். குடி வந்த அன்றைக்கு வேனிலிருந்து கட்டில் இறங்கும், பீரோ இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காலி பெயிண்ட் பக்கெட்டாக இறங்கிக்கொண்டே இருந்தது.

"இன்னாப்பா, பெயிண்டரா நீ?"

"இல்லக்கா. விவசாயம்."

"நெலம் எங்க கீது?"

அவர் என் மொட்டை மாடியைக் காட்டினார். பின்னால் கரண்டிக் கட்டோடு நின்றிருந்த அவர் மனைவி வேணி என் காதருகே வந்து, "அக்கா, இப்பவே சொல்லிடறேன். வீட்டுக்கு வாடகை கரெக்டா வந்துடும். இந்தாளுக்கு மட்டும் நான் பொறுப்பு இல்ல" என்றாள். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

பக்கெட்டுக்கு உலகத்தில் உள்ள எல்லாமே வண்டிதான். செடியும் அப்படித்தான். "ரேடியேட்டர்ல தண்ணி இருக்கணும், டேங்க்ல டீசல் இருக்கணும், அப்பப்போ ஆயில் பாக்கணும். அவ்ளோதான்க்கா செடி" என்பார். சொன்னதோடு விட்டாரா? ஆயிலும் பார்த்தார். ஒரு தக்காளிச் செடிக்கு விளக்கெண்ணெய் ஊற்றினார். அது பேதி கண்ட பிள்ளை மாதிரி மூன்றாம் நாள் தலையைத் தொங்கப் போட்டது. வேணிக்கு ரத்தம் கம்மி என்று டாக்டர் எழுதிக் கொடுத்த டானிக்கை மிளகாய்ச் செடிக்கு ஊற்றினார். செடி போய்விட்டது. வேணிக்கு ரத்தம் கூடவும் இல்லை. கூடியதெல்லாம் ரத்தக் கொதிப்புதான்.

இதில் இன்னொரு கூத்து. அவருடைய பக்கெட்டு எதற்கும் அடியில் ஓட்டை கிடையாது. ஊற்றுகிற தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று நாறும்.

"அடியில ஒரு ஓட்டையப் போடேன்யா."

"ஓட்ட போட்டா அது பக்கெட்டாக்கா? சல்லடை."

"வேரு அழுவிப் போவுதுய்யா."

"அக்கா, நான் வண்டி ஓட்டுன காலத்துல என் ஜீப்பு நின்ன எடத்துல ஒரு சொட்டு ஆயில் பாத்தவன் கிடையாது. ஒழுவற வண்டிய வச்சிக்கினு இருக்கறவன் டிரைவரா?"

ஆயுசுக்கும் ஒழுகல் அடைத்துப் பழகிய கை. அதனிடம் போய் ஓட்டை போடு என்றால் போடுமா?

இப்படியே போயிருந்தால்கூட வேணி பொறுத்திருப்பாள். ஒரு சனிக்கிழமை அவள் அண்ணன் குடும்பம் கீழ்பென்னாத்தூரிலிருந்து மறுநாள் வருகிறது என்று பெரிய குண்டானில் இட்லிக்கு மாவு ஆட்டி வைத்தாள். ஞாயிறு காலையில் எழுந்து பார்த்தால் குண்டான் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. மாடியில் அவள் போட்ட சத்தத்தில் நான் கீழே காபியைக் கொட்டிக்கொண்டேன்.

"மாவு எங்க?"

"எல்லாருக்கும் பிரிச்சிக் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"கத்திரிக்கு, வெண்டைக்கு, அவரைக்கு. புளிச்சது எதுவா இருந்தாலும் செடிக்கு சத்துன்னு வீடியோல சொன்னாங்க வேணி."

வந்த விருந்தாளிகள் கடையில் பரோட்டா வாங்கித் தின்றார்கள். சாயங்காலம் அவர்கள் கிளம்பின ஆட்டோவில் வேணியும் ஒரு பையோடு ஏறி உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துக் கையை நீட்டிச் சொன்னாள்: "அக்கா, நீங்கதான் சாட்சி. இந்தாளு கையால ஒரு வேளை கடையறதுக்கு ஒரு பிடி கீரை வளரட்டும். அன்னிக்கு வரேன். அதுவரைக்கும் பக்கெட்டோடவே குடும்பம் நடத்தச் சொல்லுங்க."

கோபம் ரெண்டு நாளில் ஆறும் என்று நான் நினைத்தேன். ஆறவில்லை. வாரங்கள் போயின. போன் போட்டால் கட் பண்ணினாள். பக்கெட்டு மெஸ்ஸில் சாப்பிட்டார். சட்டை அவர்மேல் கொடியில் காய்கிற மாதிரி தொங்க ஆரம்பித்தது. சாயங்காலமானால் கீழே வந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ரோட்டைப் பார்ப்பார்.

"இன்னிக்கும் பஸ்ஸு லேட்டுக்கா."

"எந்த பஸ்ஸுய்யா?"

"பொதுவா சொன்னேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. மூட்டை கட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்கிறவன் ஆம்பளை. இந்த மனுஷன் கீரை வளர்த்துக் காட்டத்தான் போகிறாராம்.

அதுவும் என்ன கீரை? வேணி வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். புளிச்சக்கீரை இல்லாமல் அவள் சோறு இறங்காது. அதனால் புளிச்சக்கீரை விதைத்தார். இருக்கிறதிலேயே நல்ல பக்கெட்டாகப் பொறுக்கி, துடைத்து, மண்ணை வெண்ணெய் மாதிரி குழைத்து விதைத்தார். சும்மா சொல்லக்கூடாது, சட்டென்று முளைத்தது. சாண் உயரம் வந்தது. வந்து, அங்கேயே நின்றது. இலை மஞ்சள் பூத்தது. தண்டு ஈர்க்குச்சி மாதிரி இளைத்தது. பதினைந்து நாள் கழித்துப் பார்த்தாலும் அதே சாண்.

"வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சிக்கா. பிக்கப்தான் இல்ல" என்றார்.

பிக்கப்புக்காக மோர் ஊற்றினார். டீத்தூள் போட்டார். முட்டை ஓடு போட்டார். மீனையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு ஒன்று ஊற்றினார் பாருங்கள், தெருவில் இருந்த பூனையெல்லாம் என் மாடிப்படியில் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டது. கோயிலிலிருந்து அபிஷேகத் தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தார். எல்லாவற்றுக்கும் மேலே காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் தண்ணீர்.

"தண்ணிய கம்மி பண்ணுய்யா."

"தாகமா கீதுக்கா."

"தாகம் இல்லய்யா, மூழ்கிக்கினு கீது!"

கேட்டால்தானே.

ஒரு நாள் போனைத் தூக்கிக்கொண்டு குதித்து இறங்கி வந்தார். "அக்கா! வெள்ளக்காரன்கூட புளிச்சக்கீரை வளக்கறான்க்கா! பக்கெட்லயே! அவனுதும் நம்முளுது மாதிரியே நோஞ்சானா நின்னுப்போய், அப்புறம் எப்டி தேத்தறான் பாரு!"

பார்த்தேன். சடை விழுந்த தலையோடு ஒரு வெள்ளைக்காரன். வெயிலில் வரிசையாகத் தொட்டி. விரல் விரித்த கை மாதிரி இலை. சத்தியமாகப் புளிச்சக்கீரை மாதிரிதான் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்கும் தெரியாது. ரெண்டு பேரும் மெய்மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் வந்து எட்டிப் பார்த்த என் மருமகள் சுமதிக்கு இங்கிலீஷ் தெரியும்.

"அத்தை, இது கஞ்சா."

கையில் இருந்த போனை அடுப்புக் கங்கு மாதிரி அவர் மடியில் போட்டேன். "யோவ்! என் வீட்டு மாடியில இன்னாய்யா விதைச்சி வச்சிருக்க?"

"கீரைக்கா! சத்தியமா கீரை!" என்று அலறினார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "கஞ்சாவுக்கே இவ்ளோ வைத்தியம் பாக்கறான்னா, கீரைக்கு நாம எவ்ளோ பாக்கணும்! அந்தாளு இன்னா சொல்றான்னு கேட்டுச் சொல்லு கண்ணு" என்றார் சுமதியிடம்.

சுமதி கேட்டுக் கேட்டுச் சொன்னாள். தண்ணீர் ஜாஸ்தியாகி வேருக்கு மூச்சு முட்டுகிறது. தொட்டிக்கு அடியில் ஓட்டை போடணும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். உரத்தை அடியோடு நிறுத்தணும். காலை வெயிலில் வைத்துவிட்டு, ஒன்றும் பண்ணாமல் காத்திருக்கணும்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மாமா."

"ஒண்ணும் பண்ணாம இருக்கறதுக்கு எதுக்கு வீடியோ போடறான்?" என்று போனை ஜோபியில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இது இங்கிலீஷ் வைத்தியம். நம்ம ஊர்ல வேற இருக்கு."

நம்ம ஊரில் இருந்தது கிரிவலம்.

"டாக்டர் கைவிட்ட கேஸெல்லாம் மலைய ஒரு சுத்து சுத்தினா தேறுது. கீரை தேறாதா?" அவ்வளவுதான். பௌர்ணமி அன்றைக்கு மத்தியானமே ஒரு காய்கறித் தள்ளுவண்டியை இரவல் வாங்கிவந்து, பக்கெட்டையெல்லாம் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் விபூதி இட்டு, வாய் வரைக்கும் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிளம்பினார். வழியில் யாராவது இலையைப் பார்த்துவிட்டுப் பிடித்தால் விலாசம் என் வீட்டு விலாசம். எனக்கு மூட்டு வலி. இருந்தும் பின்னாலேயே போனேன். என் பாவம், வேறென்ன சொல்ல.

ஜனங்களைப் பற்றித் தெரியாதா? வண்டியில் செடி, செடிமேல் விபூதி, முன்னால் வெறுங்காலோடு ஒருத்தர். என்ன ஏது என்று கேட்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மா பக்கெட்டைச் சுற்றி வந்து குங்குமம் வைத்தாள். "இன்னா மூலிகைங்க இது?" என்று கேட்டவருக்கு பக்கெட்டு, "கடையற கீரைங்க" என்று உண்மையைத்தான் சொன்னார். அவர் அதையும் ஏதோ பெரிய தத்துவம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். காவி கட்டின ஒருத்தர் மட்டும் இலையை ரொம்ப நேரம் ஆசையாகப் பார்த்தார். ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டார். மூஞ்சி சுருங்கியது. "புளிக்குதே" என்று வருத்தத்தோடு நடந்துவிட்டார்.

அடி அண்ணாமலை நெருங்கும்போது கூட்டத்தை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்த ஒரு போலீஸ்காரப் பிள்ளை கையைக் காட்டி வண்டியை நிறுத்தினான்.

"பெரியவரே, ஓரமா போங்க. இன்னா வண்டியில?"

சாதாரணமாகத்தான் கேட்டான். 'கீரை' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பக்கெட்டுக்கு வியர்த்துக் கொட்டியது.

"சார், இது கஞ்சா இல்ல சார்!"

போலீஸ்காரன் நின்றான். "யாரு இப்ப கஞ்சான்னாங்க?"

"பாக்க அப்டியே இருக்கும் சார். ஆனா இல்ல. கஞ்சா வளக்கறவன் வீடியோவப் பாத்துதான் நான் கத்துக்கினேன். ஆனா வளக்கறது கீரை சார். வேணும்னா போனப் பாருங்க சார்!"

போனையும் எடுத்து நீட்டினார். சடைத்தலை வெள்ளைக்காரன் அதில் சிரித்துக்கொண்டிருந்தான். அண்ணாமலையாரே, இந்த இடத்திலேயே பூமியைப் பிளந்து என்னை எடுத்துக்கொள் என்று வேண்டினேன். அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நானே ஒரு இலையைக் கிள்ளினேன்.

"தம்பி, வாயத் தொற."

"பெரிம்மா, டூட்டில இருக்கேன்."

"தொறடா கண்ணு."

தொறந்தான். மென்றான். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. "அட, புளிச்சக்கீரை! எங்க வீட்ல கறியோட போடுவாங்க பெரிம்மா." வண்டியை எட்டிப் பார்த்தான். "ஏன் இப்டி நோஞ்சானா கீது?"

"அதான் சார், கிரிவலம் வந்தா தேறும்னு இட்டாந்தேன்" என்றார் பக்கெட்டு.

அவன் அவரை ஒரு பார்வை பார்த்தான். என்னை ஒரு பார்வை பார்த்தான். "நீங்க இவருக்கு இன்னா வேணும் பெரிம்மா?"

"ஹவுஸ் ஓனர்பா."

"பாவம், போங்க" என்றான். ரொம்ப நாள் கழித்து என்மேல் இரக்கப்பட்ட ஒரே அரசாங்க ஆள் அவன்தான்.

தப்பித்தோம் என்ற வேகத்தில் வண்டியைத் தள்ளினவர், முன்னால் இருந்த ஸ்பீடு பிரேக்கரைப் பார்க்கவில்லை. ஆயுசெல்லாம் வண்டி ஓட்டினவர்! தொம் என்று ஏறி, தொம் என்று இறங்கியது. வெயிலில் வருஷக்கணக்காகக் காய்ந்த பெயிண்ட் பக்கெட்டு தாங்குமா? ஒவ்வொன்றுக்கும் அடி விண்டுகொண்டது. வண்டிக்குக் கீழே சொட்டச் சொட்டத் தண்ணீர்.

"அக்கா! ஒழுவுதுக்கா! எல்லாமே ஒழுவுது!"

தோளில் இருந்த துண்டை எடுத்து அடைக்கப் பார்த்தார். ஒன்றை அடைத்தால் இன்னொன்று ஒழுகும். வழிநெடுக, கோலத்துக்குத் தண்ணி தெளித்த மாதிரி ஒரு கோடு எங்கள் பின்னாலேயே வந்தது. கண்ணில் தண்ணீரோடு தள்ளிக்கொண்டு வந்தார். "நம்ம வண்டி ஒழுவி யாரும் பாத்ததில்லக்கா" என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். ஓட்டை போடு போடு என்று நான் தொண்டை கிழியக் கத்தினதை ஒரு ஸ்பீடு பிரேக்கர் முடித்துக் கொடுத்துவிட்டது.

ஜீப்பில் உட்கார்ந்தே வேலை பார்த்த கால் அது. வெறுங்காலில் மலை சுற்றினதில் உள்ளங்கால் பூராவும் கொப்புளம். மாடி ஏறிப் படுத்தவர்தான், இறங்க முடியவில்லை. வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, பக்கெட்டையெல்லாம் என் வீட்டு வாசலோரம், காலை வெயில் விழுகிற இடத்தில் இறக்கி வைத்தோம். அன்றிலிருந்து மேலேயிருந்து சத்தம்.

"அக்கா! தண்ணி ஊத்துனியா?"

"ஊத்திட்டேன்யா!" காபியை டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"மோரு?"

"ஊத்திட்டேன்யா!" அதையும் நான்தான் குடித்தேன்.

"மீனு தண்ணி?"

"அதுவும் ஆச்சு!" அதை மட்டும் சாக்கடையில் ஊற்றினேன்.

சுமதிதான் காலையில் மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பாள். காய்ந்திருந்தால் ஒரு சொம்பு தண்ணீர். இல்லையென்றால் அதுவும் கிடையாது. அந்த வெள்ளைக்காரன் சொன்னபடி ஒன்றும் பண்ணாமல் இருந்தோம். ஒரு வாரம் போனது. பழைய மஞ்சள் இலை உதிர்ந்தது. நடுவில் ஒரு குருத்து விட்டது, பளிச்சென்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. தண்டு சிவந்து தடித்தது. அப்புறம் நிறுத்த ஆளில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலையில் பக்கெட்டு இறங்கி வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். தொடப் போன கையை இழுத்துக்கொண்டார்.

"அக்கா, பிக்கப் வந்துடுச்சிக்கா."

"வந்துடுச்சிய்யா."

"மலை குடுத்த பிக்கப்பு. அப்புறம் நீ ஊத்துன மோரு."

"மோரு இனிமேலும் நானே ஊத்தறேன்யா" என்றேன். குடித்ததைச் சொன்னால் அவரே தினமும் ஊற்ற ஆரம்பித்துவிடுவார்.

வேணிக்கு நான்தான் போன் போட்டேன். "ஒரு பிடிக்கு மேலயே இருக்குடி. வந்து பாரு" என்றேன். மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையைக் கையிலிருந்து இறக்கவில்லை. வாசலில் நின்றே செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை.

"உண்மையச் சொல்லுங்கக்கா. யாரு வளத்தது?"

"அந்தாளு கால்ல பாரு. உனக்காக மலை சுத்தி வந்திருக்கான், கீரையையும் இட்டுக்கினு" என்றேன்.

காலைப் பார்த்தாள். துணி சுற்றியிருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, "சரி, பறிங்க. கடையறேன்" என்றாள்.

எல்லாம் கூடி வந்தது. இந்த மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா? செடிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு வேணாம் வேணி. இப்பதான் தேறி வருது. இன்னும் ஒரு வாரம் ஆவட்டும். இன்னும் கொஞ்சம்…"

வேணி பையைத் தோளில் மாட்டினாள். "நான் வரேங்கக்கா."

"யோவ்!" என்று நான் கத்தின கத்தலில் எதிர் வீட்டு நாய் எழுந்துகொண்டது. "கீரை வேணுமா, பொண்டாட்டி வேணுமா? இப்பவே சொல்லு!"

அவர் செடியைப் பார்த்தார். கேட்டைத் திறந்துகொண்டிருந்த வேணியைப் பார்த்தார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி முதல் கொழுந்தைக் கிள்ளினார். "ஒண்ணும் ஆவாது, சர்வீஸுக்கு விடற மாதிரிதான். திரும்ப வந்துடும்" என்று ஒவ்வொரு செடியிடமும் சொல்லிச் சொல்லிக் கிள்ளினார். வேணி திரும்பி வந்து முந்தானையை ஏந்தினாள். "இது ஊறுகாய்க்குக்கூட பத்தாது. இன்னும் கிள்ளுங்க" என்றாள். கிள்ளினார்.

மாடியில் கடைகிற வாசனை என் அடுப்படி வரைக்கும் வந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். வேணி ஒரு வாய் பிசைந்து போட்டுக்கொண்டாள். பக்கெட்டு மூச்சு விடாமல் அவள் வாயையே பார்த்தார்.

"உப்பு ஜாஸ்தி" என்றாள்.

"உப்பு நீதான போட்ட?"

"அதான் சொல்றேன். எப்பவும் போடற உப்பத்தான் போட்டேன். கீரை கம்மி. இன்னும் ரெண்டு பக்கெட்டு சேத்து விதைக்கணும்."

அவருக்கு உடனே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மிச்சச் சோற்றைத் தட்டோடு எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மாடியில் சத்தம். மாவுக் குண்டான் பக்கம் போனால் கையை ஒடிப்பேன் என்று வேணி கத்துகிறாள். பார்க்கத்தான் போனேன் என்று இவர் இழுக்கிறார். அவள் இன்னும் பலமாகத் திட்டுகிறாள். நான் டிவியை நிறுத்திவிட்டு, நாற்காலியை மாடிப்படிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டேன்.